எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள், பொருள் கேட்டால் பதில் இல்லை: பெரியவர்களுக்குப் புரிந்து படிக்கச் சொல்லித் தருவது எப்படி?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஊரில் மகளிர் குழுவைச் சேர்ந்த அக்காக்களுக்கு மாலையில் எழுத்து சொல்லித் தருகிறீர்கள். அநேகமாக எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பள்ளிக்கூடமே போகாதவர்களும் உண்டு, இரண்டாவது மூன்றாவதோடு நின்றவர்களும் உண்டு. சில மாதங்களில் எழுத்து பிடிபட்டுவிட்டது, கூட்டிக் கூட்டிச் சத்தமாக வாசிக்கிறார்கள். ஆனால் வாசித்து முடித்ததும் "இதுல என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள், இல்லையென்றால் பாடத்தில் இல்லாத எதையோ சொல்கிறார்கள். வயதாகிவிட்டதால் இனி வராதா, புரிந்து படிப்பதற்கென்று தனிப் பயிற்சி உண்டா, எழுத்தறிவுத் தேர்வு வருவதற்குள் என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள்.

இந்தக் கேள்விகளுக்கு அடியில் நீங்கள் வெளிப்படையாக எழுதாத ஒரு பயமும் இருப்பதாக எனக்குப் படுகிறது: அவர்களுக்குப் புரிந்துகொள்ளும் சக்தியே குறைவோ என்பது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. குழுக் கணக்கை மனதில் வைத்திருப்பவர், யார் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்பதை முன்பின் மாறாமல் சொல்பவர், தாலுகா ஆபீசில் எந்த ஜன்னலில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர், புரியும் சக்தி இல்லாதவராக இருக்க முடியாது. அந்தச் சக்தி தாளுக்குள் வந்து சேராமல் எங்கேயோ தடைபட்டு நிற்கிறது. எங்கே நிற்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. பொத்தாம்பொதுவாக "புரிந்து படியுங்கள்" என்று சொல்வதால் எதுவும் நகராது.

நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் தொண்டராகச் சேர்ந்தவன். அதன் பிறகு தொண்டர்களுக்குப் பயிற்சி தருவது, எழுத்து கற்றவர்கள் தொடர்ந்து படிப்பதற்கான வளர்கல்வி மையங்களுக்கு எளிய வாசிப்புத் தாள் எழுதுவது என்று இதே வேலையில் இருந்துவிட்டேன். பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990-ல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதைப் பின்பற்றி இங்கேயும் மாவட்டம் மாவட்டமாக அறிவொளி பரவியது. புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். அப்போதைய பாட நூல் மூன்று பகுதிகளாக, ஏறத்தாழ 200 மணி நேரத்துக்கு வகுக்கப்பட்டது. முடிக்கும்போது நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் சத்தமாகவும், 35 சொல் வேகத்தில் மனதுக்குள்ளும் வாசிக்க வேண்டும், எளிய அறிவிப்புகளைப் புரிந்து வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். சத்தமாக வாசிப்பதைக் காதால் கேட்டு அளந்துவிடலாம், புரிதலை அப்படி அளக்க முடியாது. அதனால் மையங்களில் முதலாவதே பெரிதாகிப்போனது. உங்கள் வகுப்பில் இப்போது நடப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

வேறு எதையும் செய்யும் முன் கண்ணைப் பாருங்கள். நாற்பதுக்கு மேல் பக்கத்துப் பார்வை மங்குவது எல்லாருக்கும் வருவது. நம் ஊரில் சாளேஸ்வரம், வெள்ளெழுத்து என்பார்கள். எழுத்தே தெரியாமல் இருந்தவருக்குத் தன் கண்ணில் குறை இருப்பதை உணர வாய்ப்பே இருந்திருக்காது. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிட்டுக்கொண்டு சமாளித்திருப்பார். புத்தகத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடிக்கிறாரா, ப-வுக்கும் ம-வுக்கும் தடுமாறுகிறாரா, விளக்குக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தால் நன்றாக வாசிக்கிறாரா என்று கவனியுங்கள். அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்கோ இலவச கண் முகாமுக்கோ குழுவாகவே அழைத்துப் போய்விடுங்கள். கண் மருத்துவம் எனக்குத் தெரிந்த துறை இல்லை, ஆனால் ஒரு கண்ணாடி வந்தபின் "மந்தம்" என்று ஒதுக்கப்பட்டவர் வகுப்பில் முன்னால் வந்து உட்கார்ந்ததை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

சரி, கண் பிரச்சினை இல்லை. அடுத்ததாக ஒரு சின்னச் சோதனை. அவர்கள் வாசித்துத் திணறிய அதே பத்தியை நீங்கள் இயல்பான வேகத்தில் வாசித்துக் காட்டி, அதே கேள்வியைக் கேளுங்கள். காதால் கேட்டதும் பதில் வந்துவிட்டால், தடை வாசிக்கும் வேகத்தில் இருக்கிறது. நீங்கள் வாசித்துக் காட்டியும் பதில் வரவில்லையென்றால், அந்தத் தாளின் மொழியோ விஷயமோ அவருக்கு அன்னியமாக இருக்கிறது. 1986-ல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் காதால் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரியும் திறன். இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். இந்தக் கணக்கு எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்று பின்னால் வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் யாருக்கு எதைச் சொல்லித் தருவது என்று பிரிக்க இதைவிட எளிய வழியை நான் பார்க்கவில்லை.

முதல் வகையினர், அதாவது கேட்டால் புரிகிறது, தானே வாசித்தால் புரியவில்லை என்பவர்கள், உங்கள் வகுப்பில் அதிகம் இருப்பார்கள். இவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதைத் தமிழ் வாக்கியத்தை வைத்தே காட்டலாம். "கடந்த மூன்று மாதங்களாகத் தவணை செலுத்தாத உறுப்பினர்களுக்கு இந்த முறை புதிய கடன் வழங்கப்படமாட்டாது." உங்களுக்கும் எனக்கும் இது ஒரு பார்வை. கூட்டி வாசிப்பவருக்கோ "கடந்த" என்பதே ஒரு வேலை, "மாதங்களாகத்" இன்னொரு வேலை. மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியது கொஞ்சம்தான். அந்த இடம் முழுவதையும் எழுத்தே எடுத்துக்கொள்கிறது. "உறுப்பினர்களுக்கு" வருவதற்குள் "செலுத்தாத" மறந்துவிடுகிறது. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. நடக்குமா நடக்காதா என்பது அந்தக் கடைசிச் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. களைத்துப்போய் அங்கே வந்து சேர்பவர் "புதிய கடன் வழங்க" வரை வாசித்து, மீதியை ஊகித்து, "புதுக் கடன் தர்றாங்களாம்" என்று சந்தோஷமாகச் சொல்வார். அவர் வாசித்த சொல் ஒவ்வொன்றும் சரி, எடுத்துக்கொண்ட பொருள் மட்டும் நேர் எதிர்.

இதற்கு இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, திரும்ப வாசித்தல். ஆறேழு வரிக்கு மேல் போகாத ஒரு பத்தி. முதலில் நீங்கள் வாசியுங்கள், அவர்கள் விரலை வைத்துத் தொடரட்டும். அடுத்து எல்லாரும் சேர்ந்து. அடுத்து இரண்டிரண்டு பேராக, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு. கடைசியில் மனதுக்குள். மறுநாள் அதே பத்தி. சாமுவேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-லேயே இந்த முறையைப் பற்றி எழுதினார். தாள் பழகப் பழக எழுத்துக்குப் போகும் கவனம் குறைந்து பொருளுக்குத் திரும்புகிறது என்பது இதன் அடிப்படை. முதல் வாசிப்பிலேயே பொருள் கேட்காதீர்கள். மூன்றாவது வாசிப்புக்குப் பிறகு கேளுங்கள். உங்கள் வகுப்பு அமைதியில் பாதி, கேள்வி சீக்கிரம் வந்துவிடுவதால் வரும் அமைதி.

இரண்டாவது, நம் மொழிக்கென்று நான் பழக்கிக்கொண்டது. வாக்கியத்தின் முற்றுப்புள்ளியைக் கண்டுபிடிக்கச் சொல்லி, அதற்கு முந்தைய சொல்லின் கீழே கோடு போடச் சொல்வேன். அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு "நடக்குமா, நடக்காதா? முடிஞ்சதா, இனிமேலா?" என்று கேட்பேன். பிறகு "யாருக்கு?" என்று தேடிப் பின்னால் போகச் சொல்வேன். வழங்கப்படும், வழங்கப்பட்டது, வழங்கப்படவில்லை, வழங்கப்படமாட்டாது என்று நான்கு அட்டை எழுதி, எது பணம் கையில் வந்தது, எது வரப்போகிறது, எது கைவிரித்தது என்று பிரிக்கச் சொன்னால் வகுப்பு கலகலவென்று ஆகிவிடும். இது ஆய்வில் நிரூபிக்கப்பட்ட முறை என்று சொல்லமாட்டேன், கைப்பழக்கத்தில் கண்டது.

வேகத்தைப் பற்றி ஒன்று. நிமிடத்துக்கு இத்தனை சொல் வாசித்தால்தான் புரியத் தொடங்கும் என்று சில எண்கள் அடிக்கடி சொல்லப்படும். மிக மெதுவாக வாசித்தால் பொருள் தங்காது என்பது உறுதி. எந்த எண் எல்லை என்பது உறுதியில்லை. ஒட்டு ஒட்டாக நீளும் தமிழ்ச் சொல்லையும் இரண்டெழுத்து ஆங்கிலச் சொல்லையும் ஒரே கணக்கில் எண்ணுவதே சரியில்லை. அதனால் கடிகாரத்தைத் தூக்கிவைத்துவிட்டு, வாசிக்கும் தொனியைக் கவனியுங்கள். சொல் சொல்லாக வெட்டி வாசித்தவர் பேசுவதுபோல ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கத் தொடங்கினால் பொருள் உள்ளே போகிறது என்று அர்த்தம்.

வேகத்துக்குச் சினிமாப் பாட்டும் நல்ல துணை. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பிரிஜ் கோத்தாரி 1996 முதல் ஒரு யோசனையை முன்னெடுத்தார்: தொலைக்காட்சியில் பாட்டு ஓடும்போது அதே மொழியில் வரிகளைத் திரைக்குக் கீழே போடுவது. தூர்தர்ஷன் பாட்டு நிகழ்ச்சிகளிலும் அது வந்தது. மனப்பாடமான பாட்டு என்பதால் அடுத்த சொல் என்ன என்று மனம் முன்கூட்டியே சொல்ல, கண் அதைப் போய்ப் பிடிக்கிறது. உங்கள் அக்காக்களுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றை வரிகளோடு போனில் போட்டுக் காட்டுங்கள். ஆனால் இதைப் புரிதலுக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது. பாட நூலையே மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர்கள் எல்லா மையத்திலும் இருப்பார்கள். சந்தேகம் வந்தால் நடுவில் ஒரு வரியைத் தொட்டு அதை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது வகைக்கு வருகிறேன். நீங்கள் வாசித்துக் காட்டியும் புரியவில்லை என்பவர்களுக்குத் தடை பெரும்பாலும் எழுத்துத் தமிழ்தான். வீட்டில் பேசுவது ஒன்று, தாளில் இருப்பது வேறொன்று. "மேற்கண்ட", "இதன்மூலம்", "உரிய", "தவறும்பட்சத்தில்", "இணைப்பில் காண்க" போன்றவை அவர்கள் வாழ்நாளில் யார் வாயிலும் கேட்டிராதவை. பள்ளிக்கூடம் போன குழந்தைக்கு எழுத்துத் தமிழைக் காதால் கேட்டுப் பழகப் பத்து வருடம் கிடைக்கிறது. இவர்களுக்கு எழுத்தும் எழுத்து மொழியும் ஒரே மாலையில் வந்து இறங்குகின்றன. எழுத்துச் சொல்லித் தருவதில் பாதியை உண்மையில் ஒரு மொழிநடையைச் சொல்லித் தருவதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும். தினமும் பத்து நிமிடம் நீங்கள் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது இதற்குத்தான். அவர்கள் வாசிக்க வேண்டாம், கேட்டால் போதும், கேட்டுவிட்டு வம்பு பேசினால் இன்னும் நல்லது.

இங்கே பயிற்றுநர்களிடையே ஒரு நீண்ட கால வாக்குவாதம் உண்டு: கற்பவர் சொல்வதையே எழுதி அதையே பாடமாக்கும்போது பேச்சுத் தமிழில் எழுதுவதா, திருத்தி எழுதுவதா? பேச்சில் எழுதினால் உடனே புரியும், ஆனால் வெளியே எந்தத் தாளும் அப்படி இருக்காது. திருத்தினால் "நான் சொன்னது இது இல்லையே" என்று அவருக்குத் தோன்றும். என் அபிப்பிராயம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது. இடப்பக்கம், "நேத்து எம்மவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், டாக்டர் இல்ல." வலப்பக்கம், "நேற்று என் மகளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் இல்லை." ஒரு வாரம் நீங்கள் மாற்றிக் காட்டுங்கள், பிறகு அவர்களே மாற்றட்டும். அதன் பிறகு தலைகீழாக: ஒரு அறிவிப்பைக் கொடுத்து, பக்கத்து வீட்டு அத்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லச் சொல்லுங்கள். அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான புரிதல் சோதனை. மேலே பார்த்த தவணை வாக்கியத்தை "மூணு மாசமா கட்டாதவங்களுக்கு இந்தத் தடவை புதுக் கடன் கிடையாதாம்" என்று சொல்லிவிட்டால் வேறு கேள்வியே வேண்டாம்.

எழுத்து முறையும் சில இடத்தில் காலை வாரும். "கேஸ்" என்று எழுதியிருந்தால் அது சிலிண்டரா, கோர்ட்டா என்று எழுத்து சொல்லாது, சுற்றியுள்ள சொற்கள்தான் சொல்லும். வாக்கியத்தை வைத்துச் சொல்லை முடிவு செய்யும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பதால் இப்படிப்பட்ட சொற்களைத் தேடித் தேடிக் கொடுப்பேன். வகுப்பில் வயதான ஒருவர் ணை, லை, னை போன்ற எழுத்துகளில் மட்டும் தயங்கினால், அவர் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ஓரிரு வகுப்பு படித்தவராக இருக்கலாம். அப்போது இந்த எழுத்துகளின் வடிவம் வேறு. அவரிடம் அதைச் சொல்லிவிட்டால் போதும், நிம்மதியாகிவிடுவார்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. உங்கள் கேள்வியில் "பாடத்தில் இல்லாத எதையோ சொல்கிறார்கள்" என்று எழுதினீர்களே, அது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1931, 32-ல் அலெக்சாந்தர் லூரியா என்ற சோவியத் உளவியலாளர் உஸ்பெகிஸ்தானின் கிராமங்களில் எழுத்தறியாத விவசாயிகளிடம் ஒரு புதிர் போட்டார். பனி பெய்யும் தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை, நோவயா செம்லியா தூர வடக்கில் இருக்கிறது, அங்கே கரடி என்ன நிறம்? நான் அங்கே போனதில்லை, பார்த்தவரைக் கேளுங்கள் என்ற மாதிரி பதில்கள் வந்தன. அதை அறிவுக் குறைவு என்று படித்தவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. கண்ணால் பார்க்காததைச் சாட்சி சொல்லமாட்டேன் என்பது நேர்மையான ஒரு நிலை. பள்ளிக்கூடம் நமக்குப் பழக்கியிருப்பது வேறொரு விளையாட்டு: தாளில் இருப்பதை அந்த நேரத்துக்கு உண்மை என்று வைத்துக்கொண்டு, அதற்குள் மட்டும் நின்று பதில் சொல்வது. பின்னாளில் ஸ்கிரிப்னர், கோல் என்ற இரு ஆய்வாளர்கள் லைபீரியாவில் 'வாய்' (Vai) என்ற இன மக்களிடம் செய்து 1981-ல் வெளியிட்ட ஆய்வும், இத்தகைய பழக்கம் வெறும் எழுத்தறிவால் வருவதைவிடப் பள்ளிக்கூட நடைமுறையால் வருவதே அதிகம் என்று காட்டியது. அப்படியானால் அதைச் சொல்லித் தரலாம், சொல்லித் தரவும் வேண்டும்.

எப்படி? வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் ஓ.ஆர்.எஸ் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "இதை எவ்வளவு தண்ணியில கலக்கணும்?" என்று கேட்டால், பொட்டலத்தைப் பார்க்காமலே "ஒரு லிட்டர்" என்பார்கள், கிராம சுகாதார செவிலியர் சொல்லிக் கொடுத்தது. பெரிய பொட்டலத்துக்கு அது சரி. 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கடையில் கிடைக்கிறது. அதை ஒரு லிட்டரில் கலந்தால் உப்புச்சத்து போதாது, பெரியதை ஒரு டம்ளரில் கலந்தால் குழந்தைக்கு ஆபத்து. இரண்டு பொட்டலத்தையும் கையில் கொடுத்து, "நமக்குத் தெரிஞ்சது என்ன? இதுல எழுதியிருக்கிறது என்ன?" என்று இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள். பொட்டலத்தில் ஆங்கிலம்தான் பெரிதாக இருக்கும் என்றால் அந்த எண்ணையும் அளவையும் மட்டும் கண்டுபிடிக்கட்டும். அனுபவம் சொல்வதும் தாள் சொல்வதும் வேறாக இருக்கலாம் என்று கண்ட நாளிலிருந்து அவர்கள் தாளைத் தேடிப் பார்க்கத் தொடங்குவார்கள். வகுப்பில் எந்தப் பதிலுக்கும், சரியோ தவறோ, நான் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "எந்த வரியைப் பார்த்துச் சொன்னீங்க, விரலை வைங்க." அது குறுக்கு விசாரணையாக ஒலிக்காதபடி, நீங்கள் பதில் சொல்லும்போதும் உங்கள் விரலை வரியில் வைத்துக் காட்டுங்கள்.

அப்புறம் கேள்வி கேட்கும் முறை. "என்ன படிச்சீங்க?" என்பது பள்ளிக்கூடக் கேள்வி. கேட்பவருக்கு ஏற்கெனவே விடை தெரியும் என்பது ஐம்பது வயதுக்காரருக்கு நன்றாகத் தெரியும். தப்பாகச் சொல்லி மருமகள் வயதுப் பெண் முன்னால் தலைகுனிய அவர் விரும்பமாட்டார். விடை தெரியாத கேள்வியைக் கேளுங்கள். "இது நியாயமா? நீங்களா இருந்தா இந்தக் கடனை வாங்குவீங்களா?" ஒரு நிதி நிறுவனத்தின் கடன் தாளில் ஆண்டுக்கு 24 விழுக்காடு என்று இருக்கிறது என்று வையுங்கள். வாசித்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். "இது எத்தனை வட்டி?" என்று கேட்டால் யாராவது ஒருவர் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று கணக்குப் போட்டு "ரெண்டு வட்டிதான்" என்பார், உடனே ஊரில் யார் எத்தனை வட்டிக்கு விடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சை நிறுத்தாதீர்கள். பேச்சு சூடாகும்போது "சரி, இந்தத் தாளில் தவணை தப்பினா என்ன ஆகும்னு போட்டிருக்கு?" என்று தாளுக்குத் திருப்புங்கள். இப்போது அவர்களுக்கே அது தெரிய வேண்டும் என்பதால் தேடி வாசிப்பார்கள். 1963-ல் பிரேசிலின் அங்ஜிகோஸ் ஊரில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளர் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்து கற்பித்ததைப் பலர் வேகத்துக்காகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, எழுத்துக்கு முன்னால், கற்கப்போகும் சொல்லைச் சுற்றிய வாழ்க்கையைப் பேசவைத்தார் என்பதே.

கற்பவர்களே கேள்வி கேட்கும் முறையும் உண்டு. பாலின்க்சர், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், வாசிப்புக் குழுவில் மாணவர்களே முறைவைத்து ஆசிரியராக இருந்து, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்குவது, சுருக்கிச் சொல்வது என்று நான்கும் செய்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. ஆனால் அவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், எழுத்து வாசிக்கத் திணறாதவர்கள். புதிதாக எழுத்து கற்ற பெரியவர்களிடம் அதே பலன் வரும் என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. மகளிர் குழுவில் பேசிப் பழகியவர்களுக்கு இது ஒத்துவருகிறது என்பது என் அனுபவம். நான்கையும் ஒரே நாளில் திணிக்காமல், "அடுத்து என்ன வரும்?" என்பதோடு தொடங்குங்கள். தாளின் தோற்றத்தை வைத்தே அவர்கள் ஊகிப்பார்கள்: அரசு முத்திரை இருக்கிறது, தொகை கட்டத்துக்குள் இருக்கிறது, கடைசி நாள் தடித்த எழுத்தில் இருக்கிறது. அது உண்மையான வாசிப்பு, அதைப் பாராட்டுங்கள்.

இந்தக் கட்டத்தில் பாட நூலைவிட மின் கட்டண ரசீது, வங்கிப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, பட்டா நகல், பள்ளியிலிருந்து பிள்ளை கொண்டுவரும் சுற்றறிக்கை, கல்யாணப் பத்திரிகை ஆகியவையே உதவும். அவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள். பாஸ்புக்கையும் பட்டாவையும் எல்லார் முன்னாலும் விரிக்க வைக்காதீர்கள். அதில் கடனும் சொத்துத் தகராறும் இருக்கும். உங்கள் சொந்த ரசீதை வைத்துச் சொல்லித் தாருங்கள், தங்களுடையதை அவர்கள் வீட்டில் வாசித்துக்கொள்ளட்டும்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். இதில் உறுதியாகத் தெரிந்தது நம்பிக்கை தருவது. 1979-ல் மொராய்ஸும் அவர் குழுவினரும் போர்ச்சுகலில் செய்த ஆய்வில், எழுத்தறியாத பெரியவர்களுக்குச் சொல்லின் முதல் ஒலியை மட்டும் பிரித்து நீக்குவது மிகக் கடினமாக இருந்தது. வளர்ந்தபின் எழுத்து கற்றவர்களால் அது முடிந்தது. 2010-ல் தெஹென் குழுவினர் பிரேசில், போர்ச்சுகல் மக்களின் மூளைப் படங்களை ஒப்பிட்டு, வாசிப்பால் மூளையில் வரும் மாற்றங்களில் பெரும்பகுதி, பெரியவரான பின் கற்றவர்களிடமும் வருகிறது என்று கண்டார்கள். ஆகவே வராது என்பது பொய். அதே சமயம், சரளம் சிறுவயதில் கற்றவர்களுக்கு வரும் அளவுக்கு எல்லாருக்கும் வந்துவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பலர் கடைசிவரை மெதுவாகவே வாசிப்பார்கள், தேவைப்பட்டதைச் சரியாக வாசிப்பார்கள். மாதக்கணக்கில் தினமும் வந்தும் எழுத்தே நிற்காத ஒருவர் இருந்தால், அது சோம்பலாக இருக்காது. செவித்திறன் குறைவோ கற்றல் குறைபாடோ இருக்கலாம். அதைக் கண்டறிவது நம்மைப் போன்றவர்கள் வேலை இல்லை, மருத்துவரிடம் அனுப்புங்கள், வகுப்பிலிருந்து மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

கடைசியாகத் தேர்வு. 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்வில் வாசிப்பு, எழுத்து, எண் மூன்றுக்கும் தலா 50 என மொத்தம் 150 மதிப்பெண். உங்கள் அக்காக்களுக்கு எண் ஏற்கெனவே கை வந்திருக்கும், எழுத்துக்கு அவரவர் பெயர், ஊர், குடும்பத்தார் பெயர் எழுதும் பயிற்சி நிறைய உதவும். வாசிப்புப் பகுதிக்கு, கேள்வியை முதலில் வாசித்துவிட்டுப் பத்திக்குப் போவது, பதில் உள்ள வரியில் விரல் வைப்பது, கடைசிச் சொல்லைப் பார்ப்பது என்று மேலே சொன்னவற்றையே சின்னத் தாள்களில் வாரம் இருமுறை செய்யுங்கள். அதற்கு மேல் தேர்வுக்கென்று மாதிரித் தாள்களைக் கொட்டவேண்டாம். தேர்வு முடிந்த அடுத்த நாளும் வகுப்பு நடக்க வேண்டும், இதை இப்போதே அவர்களிடம் சொல்லிவையுங்கள். அறிவொளியில் கற்றவர்கள் பலர் எழுத்தை மறந்துபோனது, சான்றிதழ் கொடுத்த கையோடு மையங்கள் பூட்டப்பட்ட ஊர்களில்தான். வாரம் ஒரு மாலை, குழுக் கூட்டம் முடிந்தபின் அரை மணி நேரம், அன்றைய தீர்மானத்தை அவர்களில் ஒருவரே பதிவேட்டிலிருந்து வாசித்து மற்றவர்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என்று வைத்துக்கொண்டால், நீங்கள் ஊரில் இல்லாதபோதும் அது நடக்கும்.